கோடியில் ஒன்றைத் தேடும் நொடி

ரயில் டிக்கெட் முன்பதிவின் வேகம் கம்ப்யூட்டரின் பலத்தில் மட்டும் இல்லை. கோடிக்கணக்கான பதிவுகளில் எதைப் படிக்காமல் விடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

2025 மே 22, காலை மணி 10. ஏ.சி. வகுப்புகளுக்கான தத்கால் முன்பதிவு திறந்தது. அடுத்த அறுபது நொடிகளில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் வழியாக விற்றுப்போனவை 31,814 டிக்கெட்டுகள். 2014-ல் அறிமுகமான புதிய தலைமுறை இணைய முன்பதிவு அமைப்பில் அதுவரை ஒரே நிமிடத்தில் இவ்வளவு டிக்கெட்டுகள் விற்றதில்லை என்று அடுத்த மாதம் அறிவித்தது ரயில்வே அமைச்சகம்.

இது டிக்கெட் கிடைத்தவர்களின் கணக்கு. அதே நிமிடத்தில் திரையில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஊரில் நடந்த சாவுக்கோ, மகளின் கல்லூரி கவுன்சலிங்குக்கோ அவசரமாகக் கிளம்ப வேண்டியவருக்கு அந்த வட்டம் இரண்டு நொடி கூடுதலாகச் சுற்றினால் போதும்: உறுதியான இடம் வெயிட்டிங் லிஸ்ட்டாக மாறிவிடுகிறது.

வழக்கமாகப் பழி விழுவது 'சர்வர்' மீது. இன்னும் பெரிய கம்ப்யூட்டர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பயணிகளுக்கு மட்டுமல்ல, கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளுக்கும் உண்டு. ஆனால் டேட்டாபேஸோடு அன்றாடம் மல்லுக்கட்டும் புரோகிராமர்களுக்குத் தெரியும், பல நேரங்களில் கோளாறு இயந்திரத்தில் இல்லை. இயந்திரத்திடம் கேட்கப்படும் கேள்வியில் இருக்கிறது.

கேள்விகளோ கொஞ்சநஞ்சமல்ல. அமைச்சகத்தின் கணக்குப்படி, 2025-ன் மத்தியில் ரயில்வே முன்பதிவு அமைப்பால் நிமிடத்துக்கு 32,000 டிக்கெட்டுகள் வழங்க முடிந்தது. விசாரணைகளுக்குப் பதில் சொல்லும் திறன் நிமிடத்துக்கு 4 லட்சம். அதாவது ஒரு டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு கேள்விகளுக்கு மேல். எந்த ரயில் போகிறது, அந்தத் தேதியில் இடம் உண்டா, கட்டணம் எவ்வளவு, வெயிட்டிங் லிஸ்ட் நகர்ந்ததா? ஒவ்வொரு கேள்விக்காகவும் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பெரிய அட்டவணையைத் திறந்து, அதில் சில வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

பேரேடு சொன்ன பாடம்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பும் இந்தத் தேடல் இருந்தது. அன்றைய ரிசர்வேஷன் கிளார்க்கின் மேஜையில் கனமான பேரேடுகள் இருக்கும். ரயில்வாரியாக, தேதிவாரியாகப் பக்கங்கள். குறிப்பிட்ட ரயிலில் குறிப்பிட்ட தேதியில் இடம் கேட்டால் அவர் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். மற்றப் பேரேடுகளைத் தொடக்கூட மாட்டார். அந்த ஒரு கேள்விக்கு அது அருமையான ஏற்பாடு. ஆனால் 'இதில் இல்லையென்றால் வேறு எந்த ரயிலில் இடம் இருக்கிறது?' என்று கேட்டால், அடுத்த கவுன்டரின் வரிசையில் போய் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டியதுதான்.

1985-86-ல் புதுடெல்லியில் அமலுக்கு வந்த 'இம்ப்ரெஸ்' என்ற அமைப்பு இதை மாற்றியது. சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய அந்த மென்பொருள் எந்தக் கவுன்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் கொடுத்தது. 1986-ல் ரயில்வேயின் சொந்தக் கம்ப்யூட்டர் அமைப்பான 'கிரிஸ்' பிறந்தது. அது எழுதிய 'கன்சர்ட்' மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் முதலில் இயங்கியது. 1999-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒரே வலையில் இணைந்தன. 2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் விற்பனை தொடங்கியது.

விருப்பப்பட்ட கேள்வியைக் கேட்கும் சுதந்திரம் இப்படித்தான் கிடைத்தது. சுதந்திரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பேரேட்டை வடிவமைத்தவருக்கு என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரியும். டேட்டாபேஸை வடிவமைப்பவர் அதை யோசித்து வைக்கவில்லையென்றால், கம்ப்யூட்டர் எல்லாப் பேரேடுகளையும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்துவிடும்.

நாலு பக்கத்தில் நூறு கோடி

ஓர் உதாரணக் கணக்குப் போடலாம். பத்துக் கோடி டிக்கெட் பதிவுகள் கொண்ட அட்டவணை. ஒரு பதிவுக்கு 200 பைட் என்றால் மொத்தம் 20 கிகாபைட். நொடிக்கு 200 மெகாபைட் படிக்கும் டிஸ்க், இதை முழுவதும் படித்து முடிக்க 100 நொடி ஆகும். தேடுவதோ ஒரே ஒரு பி.என்.ஆர். எண்ணை. பத்து மடங்கு வேகமான டிஸ்க்கை வாங்கிப் போட்டாலும் 10 நொடி. ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் கேட்டால் அந்த டிஸ்க்கும் திணறிவிடும்.

இதற்கு மாற்றுதான் 'இண்டெக்ஸ்'. தடிமனான புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, அதே சங்கதி. பி.என்.ஆர். எண்களை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முழுப் பதிவு இருக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், அட்டவணை முழுவதையும் துழாவ வேண்டியதில்லை.

வரிசையாக இருப்பதைத் தேடுவது சுலபம். நடுவில் பிரித்துப் பார்த்து, தேடும் எண் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால், பத்துக் கோடி பதிவுகளில் ஒன்றை 27 தடவையில் பிடித்துவிடலாம். இதையும் குறைக்க வழி கண்டவர்கள் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் ஆகிய இருவர். விமானம் தயாரிக்கும் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர்களின் 'பி-ட்ரீ' பற்றிய கட்டுரை 1972-ல் வெளியானது. பாதி பாதியாக வெட்டுவதற்குப் பதில் ஒரே பக்கத்தில் நூற்றுக்கணக்கான கிளைகள். ஒரு பக்கத்துக்கு 300 கிளை என்று வைத்துக்கொண்டால் மூன்று படிகளில் 2.7 கோடி பதிவுகளை எட்டலாம். நான்கு படிகளில் 810 கோடியை. பத்துக் கோடியில் ஒன்றை எடுக்க இண்டெக்ஸில் நான்கு பக்கம், பதிவை எடுக்க இன்னொரு பக்கம். அவ்வளவுதான். 100 நொடி வேலை சில மில்லி நொடிகளில் முடிகிறது. இயந்திரம் மாறவில்லை. அது படிக்கும் பக்கங்கள் குறைந்தன.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஓர் இண்டெக்ஸ் போட்டுவிட்டால் என்ன? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். புது டிக்கெட் ஒன்று பதிவாகும்போது அட்டவணையில் மட்டுமல்ல, அதற்கு இருக்கும் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் அதைச் செருக வேண்டும். பத்து இண்டெக்ஸ் இருந்தால் பத்து இடத்தில் எழுத்து வேலை. தேடலின் வேகத்துக்கான விலையைப் பதிவு செய்பவர் கொடுக்க வேண்டியிருக்கும்.

கேட்கிற விதத்தில் கேட்டால்

இண்டெக்ஸ் இருந்தும் கேள்வி நகராமல் நிற்பது உண்டு. தமிழ் அகராதியில் 'மழை' என்று தொடங்கும் சொற்களைக் கேட்டால் உடனே எடுத்துவிடலாம். 'காலம்' என்று முடியும் சொற்களைக் கேட்டால்? அகர வரிசை இருந்தும் பயனில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்க வேண்டியதுதான். 'குமார்' என்று பெயர் முடியும் பயணிகளின் பட்டியலைக் கேட்கும் அதிகாரி, தன்னையறியாமல் இதைத்தான் கேட்கிறார்.

தேதியிலும் இந்தக் கண்ணி உண்டு. 'ஒவ்வொரு பதிவிலும் உள்ள பயணத் தேதியிலிருந்து மாதத்தைப் பிரித்தெடு, அது மே மாதமா என்று பார்' என்று எழுதினால், கம்ப்யூட்டர் பத்துக் கோடி தடவை மாதத்தைப் பிரித்தெடுக்கும். 'இந்த ஆண்டு மே 1 முதல் ஜூன் 1-க்கு முன்புவரை' என்று எழுதினால், இண்டெக்ஸில் மே 1-க்கு நேராகப் போய், மாதம் முடிந்ததும் நின்றுவிடும்.

பல விவரங்களைச் சேர்த்து ஒரே இண்டெக்ஸாக அடுக்கும்போது எது முன்னால் என்பதும் முக்கியம். ரயில் எண், தேதி, வகுப்பு என்ற வரிசையில் அடுக்கியிருந்தால், ரயில் எண்ணும் தேதியும் தெரிந்தவருக்கு அது உதவும். தேதி மட்டும் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் உதவாது. பெயர் வரிசையில் அச்சிட்ட டெலிபோன் டைரக்டரியில் தெருப் பெயரை வைத்து ஆளைத் தேடுவது போல.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-ல் முன்வைத்த அட்டவணை முறை டேட்டாபேஸும், அதைத் தொடர்ந்து வந்த எஸ்.க்யூ.எல். மொழியும் ஒரு வசதியைத் தந்தன. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். எப்படி எடுப்பது என்பது டேட்டாபேஸின் பொறுப்பு. எந்த வழியில் செலவு குறைவு என்று மதிப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை அதே நிறுவனத்தின் பட்ரீஷியா செலிங்கரும் சகாக்களும் 1979-ல் விவரித்தார்கள். 'ஆப்டிமைஸர்' எனப்படும் இந்தப் பகுதி, அட்டவணையில் எத்தனை பதிவுகள், எந்த மதிப்பு எவ்வளவு அதிகம் என்ற புள்ளிவிவரங்களை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அவை பழசாகிவிட்டால் கணக்கும் பிசகும். சில ஆயிரம் பதிவுகள்தான் என்று நினைத்து அது தேர்ந்தெடுத்த வழி, பல கோடி பதிவுகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். திங்கட்கிழமை வரை ஒரு நொடியில் வந்த அறிக்கை, யாரும் எதையும் மாற்றாமலே செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் இழுத்தடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பங்கு போட்டால் பாரம் குறையும்

அட்டவணை ஓரளவுக்கு மேல் வளர்ந்துவிட்டால் அதைப் பிரித்து வைப்பது நல்லது. தேதிவாரியாகப் பிரித்தால், இன்றைய ரயிலைப் பற்றிய கேள்வி இன்றைய பங்கை மட்டும் தொடும். பழைய மாதத்தை அப்புறப்படுத்துவதும் எளிது. கோடி வரிகளை ஒவ்வொன்றாக அழிக்காமல், அந்தப் பங்கை அப்படியே கழற்றி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம்.

ரயில் பயணிகளின் கையில் இதற்கான அத்தாட்சி இருக்கிறது. பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணின் தொடக்கம், அந்த டிக்கெட் எந்த மையத்தின் கணக்கில் இருக்கிறது என்பதைக் காட்டும். 2-ல் தொடங்கினால் டெல்லி, 4-ல் தொடங்கினால் சென்னை. எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே நான்கு மையங்களை ஒதுக்கிவிட முடிகிறது. பயணம் முடிந்து நாளாகிவிட்ட டிக்கெட்டின் எண்ணைத் தட்டினால் 'ஃப்ளஷ்டு பி.என்.ஆர்.' என்று பதில் வருவதும் இதே சிக்கனம்தான். ஓடி முடிந்த ரயில்களின் பாரத்தை ஓடப்போகும் ரயில்களின் மேல் ஏற்றுவதில்லை.

தயாராக வைத்த பதில்

மூன்றாவது உத்தி, கேள்வி வரும் முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பது. இடம் எத்தனை மிச்சம் என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் விற்ற டிக்கெட்டுகளை எண்ணிக் கழிப்பது வீண் வேலை. ரயில், தேதி, வகுப்பு மூன்றுக்கும் சேர்த்து ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அதைக் குறைத்துக்கொண்டே வந்தால், பதில் எப்போதும் கைவசம் இருக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் பதில்களை டிஸ்க்கில் தேடாமல் மெமரியிலேயே வைத்திருப்பது அடுத்த படி. 2014-15 ரயில்வே பட்ஜெட், புதிய இணைய அமைப்பு நிமிடத்துக்கு 2,000 டிக்கெட்டுகளிலிருந்து 7,200-க்கு உயரும் என்றது. அந்தப் பாய்ச்சலுக்குப் பயன்பட்ட 'ஜெம்ஃபயர்' மென்பொருள், தகவல்களைப் பல கம்ப்யூட்டர்களின் மெமரியில் பரப்பி வைக்கும் வகையைச் சேர்ந்தது. படங்கள், பக்க வடிவமைப்பு போன்ற மாறாத சமாசாரங்களை மைய சர்வரிலிருந்து அனுப்புவதும் குறைந்தது. 2025-ல் இவற்றில் 87 சதவீதம் பயனாளிக்கு அருகிலுள்ள வலை மையங்களிலிருந்தே போய்ச் சேர்ந்ததாக அமைச்சகம் சொன்னது.

தயார் பதிலுக்கும் ஒரு குறை உண்டு. அது சற்று முன்பு எடுத்த பதில். செயலியில் '12 இடங்கள்' என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டப் போனவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் கிடைப்பது இதனாலும்தான். விசாரணைக்குச் சில நொடிகள் பழைய பதில் போதும். பெர்த்தைக் கொடுக்கும் தருணத்தில் மட்டும் அசல் பதிவைத்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒரே பெர்த் இருவருக்குப் போய்விடும்.

அந்தத் தருணத்தில் டேட்டாபேஸ் அந்த ஒரு பதிவுக்குப் பூட்டுப் போடுகிறது. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். பூட்டு 50 மில்லி நொடி இருந்தால், ஒரு ரயிலின் ஒரு வகுப்புக்கு நொடிக்கு 20 டிக்கெட்டுகள் கொடுக்கலாம். அதுவே 2 நொடி இருந்தால் நிமிடத்துக்கு 30 பேர்தான். பூட்டைப் போட்டுவிட்டு வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கும் புரோகிராம், கூட்டம் நிற்கும்போது கவுன்டரை மூடிவிட்டு டீ குடிக்கப் போகும் கிளார்க்குக்குச் சமம். எத்தனை சர்வர்களைக் கூட்டினாலும் இந்த ஒற்றைப் பூட்டு திறந்துவிடாது.

வரிசை போன இடம்

ஸ்டேஷன் வாசலில் விடியற்காலையில் நின்ற வரிசை மறைந்துவிடவில்லை, டேட்டாபேஸுக்குள் போய்விட்டது. அதன் கணக்கு எளியது. ஒரே சமயத்தில் 100 கேள்விகளைக் கையாளும் அமைப்பு, கேள்விக்கு 2 நொடி எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 3,000 பேருக்குப் பதில் சொல்லும். அதே கேள்வியை 20 மில்லி நொடிக்குக் குறைத்தால் 3 லட்சம் பேருக்கு. ஒரு ரூபாய்க்குக்கூடப் புதிய இயந்திரம் வாங்காமல் நூறு மடங்கு. தாமதமானால் இதற்கு நேர்மாறு நடக்கும். பொறுமையிழந்தவர் பட்டனை மறுபடி அழுத்துவார். ஒருவரின் கேள்வி இரண்டாகும், மூன்றாகும். அமைப்பு மேலும் தள்ளாடும்.

அப்போது யார் முந்துகிறார்கள்? தத்கால் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் நடக்கும் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை தானியங்கி மென்பொருள்களின் வேலை என்று அமைச்சகமே 2025 ஜூனில் ஒப்புக்கொண்டது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி பயனாளர் கணக்குகள் முடக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் இணைய தத்காலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாகி, அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்டுகள் முதல் அரை மணி நேரம் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். கேள்வியை வேகப்படுத்துவதற்குச் சமமான வேலை, வேண்டாத கேள்வியை வாசலிலேயே தடுப்பது.

நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட்டுகள், 40 லட்சம் விசாரணைகள் என்பது அமைச்சகம் 2025-ல் அறிவித்த அடுத்த இலக்கு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊர் திரும்பத் துடிக்கும் கூட்டத்துக்கு முன்னால் பெர்த்துகளின் எண்ணிக்கை சொற்பம். எவ்வளவு சாமர்த்தியமான இண்டெக்ஸும் ஒரு பெட்டியைக்கூடக் கூடுதலாக இணைத்துவிடாது. இருக்கிற பெர்த் வேகமான கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கா, முதலில் கேட்டவருக்கா என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். மெதுவான போனில், சின்ன ஊரிலிருந்து, ஒரே ஒரு டிக்கெட்டுக்காக முயற்சி செய்பவருக்கு அந்த வித்தியாசம்தான் பயணம்.

பெட்டிச் செய்தி: மெதுவான கேள்விக்கு வைத்தியம்

கூட்டுறவு வங்கியோ, மருத்துவமனையோ, நகராட்சி வரிப் பிரிவோ, அட்டவணை வளர்ந்து கேள்விகள் இழுக்க ஆரம்பித்தால் புரோகிராமர்கள் செய்துபார்க்க வேண்டியவை:

முதலில் அளந்து பாருங்கள். அதிக நேரம் எடுக்கும் கேள்விகளை டேட்டாபேஸே குறித்து வைக்கும் வசதி உண்டு. 'எக்ஸ்ப்ளெய்ன்' கட்டளை, கேள்விக்காகக் கம்ப்யூட்டர் எந்த வழியில் போகிறது என்பதைக் காட்டிவிடும். பத்து வரிக்காக அட்டவணை முழுவதையும் படிக்கிறதென்றால் நோய் அங்கேதான்.

தேவையானதை மட்டும் கேளுங்கள். பெயரும் பாக்கித் தொகையும் போதுமென்றால் முகவரி, போட்டோ, குறிப்புகள் என எல்லாவற்றையும் இழுத்து வராதீர்கள்.

ஒரே தடவையில் கேளுங்கள். நூறு வாடிக்கையாளர்களுக்கு நூறு தனித்தனிக் கேள்விகள் அனுப்புவது, கடைக்கு நூறு தடவை நடந்து ஒவ்வொரு சாமானாக வாங்கி வருவது போல.

பக்கம் பக்கமாகக் காட்டும்போது 'முதல் ஒரு லட்சத்தைத் தாண்டி அடுத்த இருபது' என்று கேட்டால், அந்த ஒரு லட்சத்தையும் படித்துத் தள்ளிய பிறகே இருபது வரும். 'கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு அடுத்த இருபது' என்று கேட்டால் நேராக அங்கே போகும்.

பயன்படாத இண்டெக்ஸ்களை நீக்குங்கள். புள்ளிவிவரங்களை அவ்வப்போது புதுப்பியுங்கள்.

மாதாந்திர அறிக்கை போன்ற கனமான கேள்விகளை, கவுன்டரில் ஆட்கள் நிற்கும் நேரத்தில் அசல் டேட்டாபேஸில் ஓட்டாதீர்கள். அதற்கென ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் தாமதம் இருந்தால், அப்போது பெரிய இயந்திரத்துக்கு டெண்டர் விடலாம்.